பச்சை வில்லை ஒட்டிய வண்டியில் தென்தீவு

நியூசிலாந்தின் தென்தீவை, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள கேம்பர்வேனில் சுற்றிவிட்டு வந்தோம் என்று சொன்னவுடன் எல்லோரும் பனிமலைகளைப் பற்றியும் ஏரிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அவற்றைப் பற்றியும் எழுதத்தான் போகிறேன். ஆனால் அந்த வண்டிக்குள் நானும் என் கணவரும் நாள் தவறாமல் பேசிக்கொண்டது தண்ணீரையும் கழிவையும் பற்றித்தான். தொட்டியில் நல்ல தண்ணீர் எவ்வளவு மீதமிருக்கிறது, பாத்திரம் கழுவிய நீர் எவ்வளவு சேர்ந்திருக்கிறது, கழிப்பறைப் பெட்டியை அடுத்து எந்த ஊரில் காலி செய்யலாம் என்ற பேச்சு காலையில் தொடங்கிவிடும். ஏற்காட்டில் குடியிருக்கும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஊர் திரும்பிய பிறகும் ஓயவில்லை. ஆகவே அதையே நடுவில் வைத்து எழுதுகிறேன்.

எங்களுக்கு இங்கே ஒரு சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. பழம் பறிப்பது நவம்பரில் தொடங்கினால் பிப்ரவரி வரை வேலை சரியாக இருக்கும். அதன்பின் காபிச் செடி பூக்க உதவும் பூமழைக்காகக் காத்திருக்கும் மார்ச் மாதம்தான் தோட்டத்தை விட்டு நகர முடிகிற காலம். தென்கோளத்தில் அந்த மார்ச் மாதம் கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும் நேரமாக இருப்பதால், விடுமுறைக் கூட்டம் வடிந்து, மலைப்பாதைகளில் பனி உறையாத ஓர் இடைவெளி கிடைக்கிறது. அங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதும், ஆங்கிலத்தில் அச்சான நம் ஓட்டுநர் உரிமத்தை அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதும் எங்களைப் போன்ற அறுபது கடந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். சாதாரணக் கார் உரிமத்தில் 6,000 கிலோ வரை எடையுள்ள வண்டியை ஓட்ட அந்நாட்டுச் சட்டம் இடம் தருவதால் எங்கள் வண்டிக்குத் தனி உரிமம் தேவைப்படவில்லை. இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டோம்.

தென்தீவின் பரப்பு சுமார் 1,50,000 சதுர கிலோமீட்டர். அதாவது தமிழ்நாட்டைவிடப் பெரியது. அங்கே வாழும் மக்களோ சுமார் 12 லட்சம் பேர்தான். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை மட்டுமே 34 லட்சத்தைத் தாண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொண்டால், அந்தச் சாலைகள் எவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கும் என்பது விளங்கும். இவ்வளவு இடம் இருக்கும் நாட்டில் கழிவைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள் என்று நமக்குத் தோன்றும். அங்கே அதற்கு நேர்மாறான நிலையைக் கண்டதுதான் என்னை எழுதத் தூண்டியது.

அந்தக் கண்டிப்பு விமான நிலையத்திலேயே தொடங்கிவிடுகிறது. உணவுப் பொருள், விதை, செடி, தேன், மண் பட்ட காலணி என்று எதைக் கொண்டுவந்தாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கறிவேப்பிலையையும் தேனையும் நாங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டோம். ரசப்பொடி, பருப்புப்பொடி, எங்கள் தோட்டத்தில் விளைந்து வறுத்து அரைத்த காபித்தூள், பித்தளை ஃபில்டர் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்தோம். அதிகாரி ஒவ்வொரு பொட்டலத்தையும் திருப்பிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் காலணிகளைத்தான் அதிக நேரம் பார்த்தார். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் என்று சொன்னோம். அடிப்பாகத்தின் பள்ளங்களில் மண் ஒட்டியிருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் ஆராய்ந்தார். ஊரில் பழைய பல்துலக்கி கொண்டு தேய்த்துக் கழுவியிருந்ததால் தடையில்லாமல் வெளியே வந்தோம். தொலைவில் தனித்துக் கிடந்த தீவுகள் என்பதால், வெளியிலிருந்து வந்த எலியும் ஸ்டோட் என்னும் சிறு வேட்டை விலங்கும் மரங்களும் அங்கே செய்திருக்கும் கேடு மிகப் பெரியது. அந்த அனுபவத்தில் பிறந்த எச்சரிக்கை அது.

கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை ஒப்படைத்த பெண் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எங்களுக்குப் பாடம் நடத்தினார். எரிவாயு உருளை, அதன் வால்வு, நல்ல தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, உள்விளக்குகளுக்கான தனி மின்கலம், கூரை ஜன்னல், மடக்கி விரிக்கும் படுக்கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். கண்ணாடியில் ஒட்டியிருந்த பச்சை வில்லையை அவர் கடைசியாகக் காட்டியபோதுதான், அந்த வண்டியின் மற்ற உறுப்புகளெல்லாம் அந்த வில்லையோடு கட்டுண்டவை என்று எங்களுக்குப் புரிந்தது.

நியூசிலாந்தில் கட்டணமில்லாப் பொது இடங்களில் வண்டியை நிறுத்தி இரவு தங்குவதை ஒழுங்குபடுத்த 2011ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. கழிப்பறை இல்லாத வண்டிகளில் வந்து தங்கியவர்கள் புதர்களையும் ஏரிக்கரைகளையும் அசுத்தப்படுத்துவதாக உள்ளூர் மக்கள் தொடர்ந்து முறையிட்டதால், 2023இல் அந்த விதிகளை இறுக்கினார்கள். வெளியே எடுத்து வைக்கும் சிறு கழிப்பறை இனிமேல் போதாது. வண்டியோடு பொருத்தப்பட்ட கழிப்பறை இருக்க வேண்டும். படுக்கையை முழுவதும் விரித்திருக்கும்போதும் அதைப் பயன்படுத்த முடிய வேண்டும். வண்டியில் தங்குகிறவர்களுக்கு மூன்று நாள்களுக்குத் தேவையான நல்ல தண்ணீரும், அதே மூன்று நாள்களின் கழிவைத் தேக்கிவைக்கும் இடமும் அந்த வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். தகுதிபெற்ற ஆய்வாளர் பார்த்துச் சான்றளித்த பிறகே பச்சை வில்லை கிடைக்கும். வில்லை இல்லாத வண்டியை உள்ளாட்சி நிலத்தில், அதற்கென்று தனியாக ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும், இரவில் நிறுத்த முடியாது. படுக்கை விரித்த நிலையிலும் கழிப்பறைக்குப் போக முடிய வேண்டும் என்று எழுதியவர், மனிதர்கள் நடுஇரவில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை நன்றாகத் தெரிந்து எழுதியிருக்கிறார்.

கழிப்பறையின் அடியில் சுமார் 18 லிட்டர் கொள்ளும் ஒரு பெட்டி இருக்கிறது. வண்டியின் வெளிப்பக்கத்தில் உள்ள சிறு கதவைத் திறந்து அதை உருவி எடுத்து, சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய், அதற்கென்று அமைத்திருக்கும் இடத்தில் கொட்ட வேண்டும். ஊருக்கு ஊர் அப்படி ஓர் இடம் இருக்கிறது. பெட்ரோல் பங்க் ஓரத்திலோ பூங்காவின் மூலையிலோ உள்ளாட்சியினர் அமைத்திருப்பார்கள். பெரும்பாலும் கட்டணம் கிடையாது. சரிவாகச் சிமென்ட் பூசிய தரை, நடுவில் மூடியிட்ட துளை, அலசுவதற்கு ஒரு குழாய், அதிலிருந்து தள்ளிக் குடிநீருக்கு வேறொரு குழாய், இரண்டுக்கும் தனித்தனி எச்சரிக்கைப் பலகை. அவ்வளவுதான் அந்த அமைப்பு. பெட்டியைச் சாய்க்கும்போது காற்று நுழைய ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் ஒரு சொட்டும் தெறிக்காது. பிறகு இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசி, நாற்றத்தை அடக்கும் திரவத்தை ஊற்றிப் பெட்டியைத் திரும்பச் செருகிவிட வேண்டும்.

இந்த வேலையை என் கணவர் முதல் நாளே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மலைப்பாதைகளில் ஓட்டுவது என்னுடையது, பெட்டி அவருடையது என்று பேசிக்கொள்ளாமலே பிரிந்தது. டெகாபோ ஊரில் அவர் முதன்முறையாக அதைக் காலி செய்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு தன் சிறுவயதைச் சொன்னார். அவர் பிறந்து வளர்ந்தது சேலம் குகைப் பகுதியில். அறுபதுகளில் அந்தத் தெருவின் வீடுகளில் எடுப்புக் கக்கூஸ்தான் இருந்தது. பின்பக்கச் சந்து வழியாக ஒரு பெண்மணி விடியற்காலையில் வந்து தகரத்தைத் தள்ளி, சாம்பல் தூவி, கூடையில் வாரிக்கொண்டு போவார். “எத்தன வருசம் வந்தாங்க தெரியுமா? அந்தம்மா பேரு எங்க வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. சந்துல அவங்க வர்ற சத்தம் கேட்டா எங்கள உள்ள கூப்புட்டுக்குவாங்க” என்றார். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடை செய்ய 1993இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013இல் மற்றொரு சட்டமும் நம் நாட்டில் இயற்றப்பட்டன. இன்னமும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர்கள் மூச்சுத் திணறி இறக்கும் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தப் பயணத்தில் டாக்டரோ வழக்கறிஞரோ மாணவரோ, எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவர் யாராக இருந்தாலும், தம் பெட்டியைத் தாமே உருட்டிக்கொண்டு வந்து, தாமே அலசி, அடுத்தவருக்காகத் தரையையும் கழுவிவிட்டுப் போனார். ஒரு சமூகத்தின் தலையில் மட்டும் நாம் சுமத்திவைத்த வேலையை அங்கே எல்லோரும் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு காபி குடிக்கப் போகிறார்கள். இதைவிட முக்கியமான எதையும் நான் அந்த நாட்டில் பார்த்ததாக நினைக்கவில்லை.

இனி பாதையைச் சொல்கிறேன். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து தென்மேற்கே டெகாபோ ஏரி, அதையடுத்து புகாகி ஏரி, ஏரியின் தலைமாட்டில் ஆவோராக்கி மலை. அங்கிருந்து லிண்டிஸ் கணவாய் தாண்டி வானாகா, பிறகு ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரை, கடைசியில் ஆர்தர் கணவாய் வழியாக மீண்டும் கிறைஸ்ட்சர்ச். 971 மீட்டர் உயரமுள்ள லிண்டிஸ், சுமார் 560 மீட்டர் உள்ள ஹாஸ்ட், 920 மீட்டர் உள்ள ஆர்தர் ஆகிய மூன்றும் 1,515 மீட்டரில் இருக்கும் எங்கள் ஏற்காட்டைவிடத் தாழ்ந்தவை. ஆனால் பூமத்திய ரேகையிலிருந்து அவ்வளவு தெற்கே விலகியிருப்பதால், எங்கள் மலையைவிடத் தாழ்ந்த உயரத்திலேயே மரங்கள் மறைந்து புல்லும் பாறையுமாகிவிடுகின்றன. புகாகி ஏரியின் நீலம் நிழற்படத்தில் கூட்டிக் காட்டியது அல்ல. பனியாறுகள் பாறையை அரைத்து உண்டாக்கிய மாவு போன்ற துகள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால் அந்த நிறம் வருகிறது. 3,724 மீட்டர் உயரமுள்ள ஆவோராக்கி சிகரத்தின் உச்சியிலிருந்து 1991 டிசம்பரில் பெரும் பாறைச் சரிவு ஏற்பட்டு மலையின் உயரமே குறைந்துபோனது என்று அங்கே படித்தபோது, என்றும் அசையாதது என்று நாம் நம்பும் மலையைப் பற்றிய எண்ணமே எனக்கு மாறிவிட்டது.

ஓட்டுவது கடினமா என்று தோழிகள் கேட்கிறார்கள். சேலம் அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்தச் சாலைகள் அச்சம் தராது. பழக வேண்டியவை வேறு. வளைவில் ஹார்ன் அடித்து எதிரே வருபவருக்குத் தெரிவிப்பது நம் வழக்கம். அங்கே ஹார்ன் ஒலியையே நான் கேட்கவில்லை, வளைவுக்கு முன் பலகையில் எழுதியிருக்கும் வேகத்தை அப்படியே கடைப்பிடித்தால் போதுமானது. பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஓரம் கட்டி வழிவிட வேண்டும். கேம்பர்வேன் ஓட்டுகிறவர்கள் இதைச் செய்யாததுதான் உள்ளூர்க்காரர்களின் பெரிய மனக்குறை. ஆற்றுப் பாலங்களில் பல ஒற்றைத் தடம் மட்டுமே கொண்டவை. பலகையில் சிவப்பு அம்புக்குறி நாம் போகும் திசையைக் காட்டினால் நாம் நின்று எதிரே வருபவரை விட வேண்டும். ஹாஸ்ட் ஆற்றின்மேல் 730 மீட்டருக்கும் அதிக நீளத்தில் ஓர் ஒற்றைத்தடப் பாலம் இருக்கிறது. இடையில் ஒதுங்கி நிற்க அகலப்படுத்திய இடங்கள் விட்டிருக்கிறார்கள். நாங்கள் ஒதுங்கி நின்றபோது கடந்து போன லாரி ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நன்றி தெரிவித்தார்.

டீசல் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெட்ரோலுக்கான சாலை வரி அங்கே விலையிலேயே அடங்கியிருக்கிறது. டீசல் வண்டிகளுக்கு அது கிலோமீட்டர் கணக்கில் தனியாக வசூலிக்கப்படுகிறது. வாடகை வண்டியைத் திருப்பித் தரும்போது ஓடிய தூரத்துக்கேற்ப அதையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

மலைத்தொடரின் இரு பக்கமும் இரண்டு நாடுகள் என்றே சொல்லலாம். மேற்கிலிருந்து வரும் ஈரக் காற்றை மலை தடுத்து நிறுத்துவதால் கடற்கரையில் உள்ள ஹோகிடிகாவில் ஆண்டுக்கு 2,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மறுபக்கத்து டெகாபோவில் சுமார் 600 மில்லிமீட்டர்தான். ஹாஸ்ட் கணவாயைத் தாண்டியதும் பாசி படர்ந்த காடும் பெரணியும் சாலையை இருபுறமும் நெருக்கத் தொடங்கின, மழை நிற்கவில்லை. அந்த ஈரத்தில் மொய்க்கும் மணல் ஈக்களின் கடி நம்மூர்க் கொசுக்கடியைவிட அதிக நாள் அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை அவசியம். மழை பெய்த அந்த இரவுகளில்தான் இரண்டு பேர் ஒரு வண்டிக்குள் வாழ்வது என்றால் என்ன என்பதை அறிந்தோம். ஒருவர் எழுந்து நின்றால் மற்றவர் உட்கார வேண்டும். சோறு வடித்தால் கண்ணாடிகளெல்லாம் வேர்த்துவிடும். புறப்படும் முன் எரிவாயு வால்வு, கூரை ஜன்னல், அலமாரித் தாழ், மின்கம்பி என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க, “மூடியாச்சுங்க”, “கழட்டியாச்சுங்க” என்று அவர் பதில் சொல்லுவார். வீட்டில் என்னை நீ, வா என்று அழைக்கும் மனிதர், அந்தக் காலைச் சோதனையில் மட்டும் ஏனோ மரியாதையாகப் பதில் சொல்லப் பழகிக்கொண்டார். எனக்கும் அது பிடித்திருந்தது.

ஆர்தர் கணவாயில் கியா என்னும் மலைக்கிளி எங்கள் வண்டியின் ஜன்னல் ரப்பரைப் பிய்க்கத் தொடங்கியது. உயர்மலையில் வாழும் ஒரே கிளியினம் என்று அதைச் சொல்கிறார்கள். அறிவும் குறும்பும் நிறைந்தது. அதற்குத் தீனி போட வேண்டாம் என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். மனிதரிடம் தீனி பழகிய கியா சாலைக்கும் கட்டடங்களுக்கும் வந்து வண்டியில் அடிபடும். பழைய கூரைகளில் உள்ள ஈயத்தைக் கொத்தித் தின்று நஞ்சேறிச் சாகும். அங்கே நின்றிருந்த கூட்டத்தில் ஒருவர்கூட ஒரு ரொட்டித் துண்டை நீட்டவில்லை. ஏற்காட்டுப் பாதையில் கொண்டை ஊசி வளைவுகளில் காரை நிறுத்திக் குரங்குகளுக்குச் சிப்ஸும் பிஸ்கட்டும் எறிகிறவர்களை நினைத்து எனக்கு மனம் வலித்தது. அந்தக் குட்டிகள் பாதையின் நடுவே உட்கார்ந்து காத்திருக்கின்றன. அடிபட்டுக் கிடந்த ஒன்றை நானே ஓரமாக எடுத்துப் போட்டிருக்கிறேன்.

ஏற்காட்டுக்கு இப்போது கேம்பர்வேன்கள் வரத் தொடங்கிவிட்டன. வேனையும் மினி பஸ்ஸையும் மாற்றிப் படுக்கை, அடுப்பு, கழிப்பறை வைத்து வருகிறார்கள். இனி இன்னும் வருவார்கள். வரட்டும், அது நல்ல பயணமுறை என்பதை நாங்கள் வாழ்ந்து பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த வண்டியின் பெட்டியை எங்கே கொட்டுவது? மே மாதக் கோடை விழாவின்போது ஏரியைச் சுற்றி நிற்கும் வண்டிகளையும், இருக்கிற பொதுக் கழிப்பறைகளின் வரிசையையும் பார்ப்பவர்களுக்கு விடை தெரியும். எங்கள் ஏரி நிறைந்து வழிந்தால் அந்தத் தண்ணீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது. ஏரிக்கரையில் கொட்டுவது அருவியில் குளிப்பவரின் தலையில் போய்ச் சேரும். அந்த நாட்டில் நான் கண்ட சிமென்ட் தரையும் மூடியிட்ட துளையும் கோடிக்கணக்கில் செலவாகும் வேலை அல்ல. எந்த மேஸ்திரியும் கட்டித் தந்துவிடுவார். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். அங்கே பெரும்பாலான இடங்களில் துளை பாதாளச் சாக்கடையோடு இணைந்திருக்கிறது. இங்கே செப்டிக் தொட்டிதான் கட்ட வேண்டியிருக்கும். ஃபார்மால்டிஹைடு கலந்த கழிப்பறைத் திரவங்கள் தொட்டியில் மலத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்பதால், உயிரி வகைத் திரவங்களை மட்டுமே அனுமதிக்க வேண்டும். அந்தத் தொட்டியை இயந்திரத்தால் மட்டுமே உறிஞ்சி எடுக்க வேண்டும், எந்த மனிதரும் உள்ளே இறங்கக் கூடாது.

என் கணவர் இதையெல்லாம் சேர்த்து ஒரு மனு எழுதியிருக்கிறார். டெகாபோவில் அவர் காலடியால் அளந்து குறித்துக்கொண்ட தரையின் நீள அகலம், சரிவு, இரண்டு குழாய்களுக்கும் இடையிலான தூரம் ஆகியவற்றை வரைபடமாக இணைத்திருக்கிறார். அடிவாரச் சோதனைச் சாவடி அருகே ஒன்றும், மேலே ஏரியிலிருந்து தள்ளி ஒன்றுமாக இரண்டு இடங்கள் கேட்கிறோம். ஏற்காடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் ஒரு படியைக் கொடுத்து ஒப்புகை வாங்கியாகிவிட்டது. வரும் திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இன்னொரு படியை நேரில் கொடுக்கப் போகிறோம். மலையில் விடுதியோ தோட்டமோ வைத்திருப்பவர்கள் கையெழுத்திட விரும்பினால் அதற்கு முன் எங்களைச் சந்திக்கலாம்.